தக்காளிக்கு நன்றி சொல்லக் கூடாது

ஜூன் 8, சனி

என் மனைவி ரிம்மா ஊருக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. அவள் தங்கை நெல்லி மூர்மன்ஸ்கில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கட்டு. அந்த இரண்டு மாதமும் இந்தத் தோட்டம் என் தலையில். நெல்லியின் கால் பாவம்தான், ஆனால் தோட்டம் அதைவிடப் பாவம் என்று ரயில் ஏறும்போது ரிம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? முப்பத்தொரு வருடம் தூரப் பயண ரயிலில் பெட்டி உதவியாளனாக இருந்தவன் நான். பெட்டிக்கு ஐம்பத்துநான்கு பேர். படுக்கை கொடுத்து, தேநீர் கொடுத்து, இறங்கும் ஊர் வருவதற்கு அரைமணி முன்னால் எழுப்பி, ஒருவரைக்கூடத் தவறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். இருபது தக்காளிச் செடி எனக்கு எம்மாத்திரம்?

பசுமைக்குடிலின் கதவில் நான்கு பக்க உத்தரவு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். முதல் உத்தரவின் கீழ் மூன்று கோடு: காலை எட்டு மணிக்குள் இரண்டு கதவையும் திற. இராத்திரி மூடு. இதற்கு எதற்கு மூன்று கோடு?

செடிகளுக்கு இருக்கை எண் போட்டு மரக்குச்சி நட்டேன். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. இப்போதுதான் பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

ஜூன் 9

ரிம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னைப் பற்றி ஒரு கேள்வி, தக்காளி பற்றிப் பதினொன்று.

கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். பதினான்கு வருடமாக, நல்ல செடியின் நல்ல பழத்தை மட்டும் பொறுக்கி விதை எடுத்து, இந்தத் தக்காளியை அவளே உருவாக்கியிருக்கிறாள். ரோஜா நிறம், இதய வடிவம், நுனியில் கிளிமூக்கு மாதிரி ஒரு சின்ன வளைவு. கடையில் கிடைக்காது. போன வருடம் கருகல் நோய் வந்து எல்லாம் போக, மிஞ்சியது இருபது விதை. இருபதையும் போட்டாள், இருபதும் முளைத்தன. கையிருப்பு என்று ஒரு விதைகூட இல்லை.

“இந்த இருபதும் போச்சுன்னா வம்சமே போச்சு, ஆர்காஷா.” ஆர்காதி என்ற என் பெயர் அவள் வாயில் ஆர்காஷா.

ஒரு பயணியைக்கூட நான் தொலைத்ததில்லை என்றேன். வோலக்தாவில் நீ தொலைத்த அந்தப் பல்செட்டுக்காரர் என்று ஆரம்பித்தாள். அவர் தானாக இறங்கிப்போனவர்.

ஜூன் 12, புதன்

ரஷ்ய தின விடுமுறை. விடியற்காலை ஐந்து மணிக்கு வோல்காவுக்கு மீன் பிடிக்கப் போனேன். நல்ல காற்று, நல்ல இடம். பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றினேன். பன்னிரண்டு மணிக்கு, இந்த வருடத்தில் இதுவரை இப்படி ஒரு வெயில் இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். நானே, என் வாயால் சொன்னேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். குடிலின் கதவு இரண்டும் மூடியிருந்தது. திறந்தபோது முகத்தில் நீராவிக் குளியலறை மாதிரி அடித்தது. உள்ளே இருபதும் தரையோடு தரையாக — வெந்துபோய் — உப்புப் போடாத கீரை மசியல்.

ஐயோ ஆர்காதி. மடையா. மூணு கோடு போட்டிருந்தாளேடா.

ஜூன் 12, சாயங்காலம்

ரிம்மா கூப்பிட்டாள். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். படுத்திருக்கிறார்கள் என்றேன். அது பொய் இல்லை.

ஜூன் 13

காலையிலிருந்து தண்ணீர் தெளித்தேன், நிழல் கட்டினேன், மன்னிப்பும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

பத்து மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபைனா மத்வேயெவ்னா பார்த்தார். பக்கத்துத் தோட்டம். எழுபது வயது, தனி ஆள், ஒரு பூனை. அவருக்கும் ரிம்மாவுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அந்தக் கதை எங்கள் தோட்ட வரிசைக்கே தெரியும். ஆறு வருடம் முன்னால் ஃபைனா இவளுக்குக் குடைமிளகாய் நாற்று கொடுத்தார். நாற்று வாங்கினால் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் செடி பிடிக்காது. இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ரிம்மாவுக்கா தெரியாது? தெரிந்துகொண்டேதான், “நன்றி, நன்றி, நன்றி” என்று மூன்று முறை சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே வாரம் இவள் மிளகாயும் செத்தது, அவர் மிளகாயும் செத்தது. கிணற்றுத் தண்ணீரை ஜில்லென்று ஊற்றியதால் செத்தது என்பது ரிம்மாவின் கட்சி. அன்றோடு சரி. நடுவில் ராஸ்பெரிப் புதர் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. யாரும் வெட்டவில்லை.

ஃபைனா மத்வேயெவ்னா கொஞ்ச நேரம் பிணங்களைப் பார்த்தார்.

“கதவ மூடிட்டு மீனு புடிக்கப் போனியாக்கும்?”

“ஆமாங்க.”

“எத்தன மீனு?”

“ரெண்டு.”

அதற்குமேல் அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன்னிடம் பதினெட்டு நாற்று கூடுதலாக நிற்கிறது, தயிர்மோர் வாங்கிய காலி அட்டைப்பெட்டிகளில் நெட்டையாக வளர்ந்துவிட்டது, நட இடமில்லை, தூக்கிப்போட மனமும் இல்லை, வந்து எடுத்துக்கொள் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடம், ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வாய். அது என்னைக் கேட்டா திறக்கிறது?

“ரொம்ப நன்றிங்க,” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

குடும்பத்தோடு இதே வேலைதானா எங்களுக்கு?

ஜூன் 14, வெள்ளி

வெந்ததை எல்லாம் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டேன். இருக்கை எண் குச்சிகள் மட்டும் நிற்கின்றன. ஆள் இல்லாத பெட்டி.

மதியம் ஃபைனா மத்வேயெவ்னாவின் வாசலில் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது என்றார். ஆனால் ஒரு வழி இருக்கிறதாம். திருடின செடி எப்பவும் பிடிக்கும். திருடுகிறவன் நன்றி சொல்வதில்லை, அதனால் முன்னால் சொன்னதும் கணக்கில் வராது.

“அப்ப நான் வாசல் வழியா வந்து எடுத்துட்டுப் போயிடறேனே,” என்றேன்.

“வாசல் வழியா வந்தா அதுக்குப் பேரு விருந்தாளி. வேலிக்கு அடியில வா.”

ராஸ்பெரிக்கு அடியில், கம்பிவலையில் பூனை போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. பூனை போகிற ஓட்டை. என் எடை தொண்ணூற்றாறு கிலோ. நீல ஓட்டப்பயிற்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்து நுழைந்தேன். தோள் போயிற்று. வயிறு போகவில்லை. முள் எங்கெல்லாம் குத்தியது என்பதை நாட்குறிப்பில்கூட எழுத முடியாது.

ஃபைனா மத்வேயெவ்னா முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பெட்டிகளைத் தயாராக வரிசையில் வைத்து, அடியில் ஈரத்துணிகூடப் போட்டிருந்தார். நான் ஒன்றைத் தூக்கினேன். சுவரிடம் பேசினார்:

“திருடன் வந்தா அடிய புடிச்சுத் தூக்குவான். தண்டப் புடிச்சுத் தூக்குறவன் முட்டாள்.”

அடியைப் பிடித்தேன். ஒன்பது தடவை போய் வந்தேன், தடவைக்கு இரண்டு. சட்டையின் வலக்கை கிழிந்தது. கடைசித் தடவை வெளியே வரும்போது, ரொம்ப நெட்டையாக இருப்பதைப் படுக்கவைத்து நடுவான், தலையை மட்டும் வெளியே விடுவான் புத்தியுள்ள திருடன் என்று சுவருக்குத் தகவல் சொன்னார்.

அப்படியே நட்டேன். பதினெட்டுப் பேருக்கும் கீழ்ப்படுக்கை. எனக்கு ரொம்பத் திருப்தி.

ஜூன் 16, ஞாயிறு

ரிம்மா புகைப்படம் கேட்டாள். இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் அனுப்ப வேண்டுமாம். வாசல் பக்கத்து நான்கு செடியை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் இவ்வளவு வளர்ந்துவிட்டதே, என்ன போடுகிறாய் என்று கேட்டாள். தேயிலைச் சக்கை என்றேன். வேறு என்ன சொல்வது, தெரிந்தது அது ஒன்றுதான்.

இப்போதைக்குத் தப்பித்தேன். இலை எல்லாம் ஒரே இலை, பச்சைக் காய் எல்லாம் ஒரே காய். ஆனால் பழுக்கும். ஆகஸ்டில் பழுத்தே தீரும். ஃபைனாவின் ஏதோ ஒரு சிவப்பு உருண்டைத் தக்காளியை ரிம்மா கையில் எடுத்துப் பார்க்கும் அந்த நிமிஷம் — நான் எங்கே இருப்பேன்? வோல்காவின் எந்தக் கரையில்?

ஜூன் 19

தண்ணீர்க் குழாய் பக்கத்து அறிவிப்புப் பலகையில் எங்கள் தோட்டச் சங்கத் தலைவர் புரோகோர் இலியிச் கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார்:

“மூன்றாம் வரிசையில் பட்டப்பகலில் நாற்றுத் திருட்டு. திருடன் நீலச் சட்டை அணிந்தவன், பருத்தவன், வயது எழுபதுக்கு மேல். ஊர்ந்து செல்கிறான். எச்சரிக்கை.”

எழுபதுக்கு மேலா? எனக்கு அறுபத்துநான்குதான் ஆகிறது.

ஜூன் 20

அறிவிப்பு சங்கத்தின் தொலைபேசிக் குழுவிலும் வந்துவிட்டது. மூர்மன்ஸ்கில் உட்கார்ந்துகொண்டு ரிம்மா படித்துவிட்டாள்.

“நம்ம குடிலுக்குப் பூட்டு போடு. அந்த எழுபது வயசுக் கெழவன் நம்ம தக்காளியத் தொட்டான்னா...”

அவன் தொட மாட்டான் என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்றாள். முகத்தைப் பார்த்தால் நல்லவன் மாதிரி இருக்கிறது என்று சொல்ல வந்து, இருமினேன்.

நீலச் சட்டையை ஒளித்துவைத்தேன்.

ஜூன் 22, சனி

காவல் முறை வந்துவிட்டது. கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வரிசைகளைச் சுற்ற வேண்டும். முதல் முறை எனக்கு. ரயிலில் வேலை பார்த்தவர், ஆளை எடைபோடத் தெரிந்தவர் என்று தலைவரே என்னைத் தேர்ந்தெடுத்தாராம்.

நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை என்னை நானே தேடினேன். அகப்படவில்லை.

ஃபைனா மத்வேயெவ்னாவின் வாசலைக் கடக்கும்போது, “ஆளப் புடிச்சாச்சா?” என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். வயிற்றை வைத்துத் தேடு என்றார்.

பதினெட்டும் வேர் பிடித்துவிட்டன. மூன்றாம் இருக்கையில் மஞ்சளாக ஒரு பூ. எனக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போல அப்படி இருந்தது, நாக்கு அரித்தது. முதல் பழம் பழுக்கும்வரை அந்த வார்த்தையே கூடாதாம். வாய்க்கு ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும் என்று, “இனிய பயணம் அமையட்டும்” என்றேன்.

“நா எங்கடா போறேன்?” என்றார்.

ஜூன் 30

முதல் வெள்ளரிப்பிஞ்சு. விரல் நீளம். நின்ற இடத்திலேயே தின்றுவிட்டேன். ரிம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பக்கத்தளிர் கிள்ளுவதில் நான் கைதேர்ந்துவிட்டேன். தண்டுக்கும் இலைக்கும் நடுவில் முளைக்கிற அது, பயணச்சீட்டு இல்லாமல் ஏறுகிறவன் மாதிரி. ஓரமாகத்தான் நிற்பான், இரண்டு நாள் விட்டால் இடம் முழுக்க அவனுடையது. கிள்ளி எறிந்தேன். விரலெல்லாம் பச்சைக் கறை, சோப்புக்கும் போகவில்லை.

இன்று ஒரு சங்கடம். ரிம்மா ஒரு இலையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. உருளக்கெழங்கு எல மாதிரி இருக்கு.”

“அது நல்லதா கெட்டதா?”

“தண்ணி ஊத்து,” என்று வைத்துவிட்டாள்.

உருளைக்கிழங்கா? தக்காளி என்று சொல்லி ஃபைனா எனக்கு வேறு எதையாவது கொடுத்துவிட்டாரா? மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கிழங்கு இல்லை.

ஜூலை 13

வெள்ளரி பைத்தியம் பிடித்துக் காய்க்கிறது. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. பார்த்த இடத்தில் திரும்பிப் பார்த்தால் இன்னொன்று தொங்குகிறது. சுக்கினிச் சுரைக்காய் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது. நேற்று இலைக்கு அடியில் ஒன்று, தடியாக, என் முழங்கால் உயரம். எத்தனை நாளாக அங்கே படுத்திருந்ததோ தெரியவில்லை.

ஊறுகாய் போட்டேன். ரிம்மாவின் மூன்றாம் பக்க உத்தரவு: ஜாடியில் முதலில் சதகுப்பைப் பூங்கொத்து, செர்ரி இலை, பூண்டு, அதன்மேல் வெள்ளரியை நிற்கவைத்து அடுக்கு. நிற்கவைத்துத்தான் அடுக்க வேண்டும், நெருக்கிப் பிடிக்க வேண்டும். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ஆகஸ்ட் மாதத்துத் தெற்கு ரயில்களில் ஆள் ஏற்றியவன் நான். பதினான்கு ஜாடி.

ஒரு வாளி வெள்ளரியை வேலிக்கம்பத்தில் மாட்டினேன். மதியத்துக்குள் வாளியில் வெள்ளரி போய் ஒரு கிண்ணம் ராஸ்பெரி ஜாம் வந்திருந்தது. வேலிக்கு அப்பால் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார். வாயே திறக்காமல் ஒரு மனிதன் எவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருக்கிறது.

ஜூலை 20, சனி

சங்கக் கூட்டம். தண்ணீர் நேரம், குப்பை, கடைசியில் திருட்டு. திருடன் அகப்படவில்லை என்றால் மூன்றாம் வரிசை முழுக்க வீடு வீடாகப் பார்க்க வேண்டும் என்றார் புரோகோர் இலியிச். யாரிடம் நீலச் சட்டை இருக்கிறது என்று பார்த்தால் போதுமாம்.

கொடுத்ததுதான் என்று ஃபைனா சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கொடுத்தது என்று சொன்னால் கொடுத்ததாகிவிடும், என் நன்றி மறுபடி கணக்கில் வந்துவிடும், பதினெட்டுக்கும் ஆபத்து. எழுந்து நின்றார்.

“என் எடத்துல எனக்கு வேண்டிய பொருளு ஒண்ணும் காணாமப் போகல. எழுதிக்கங்க.”

எடுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேனே என்றார் தலைவர். நீங்கள் உங்கள் தோட்டத்துக் களையைப் பாருங்கள் என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், வேலி ஓட்டைகளை எல்லாம் அவரவர் அடைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து கம்பி எடுத்தேன், ஓட்டைக்கு முன்னால் குந்தினேன். அப்புறம் முதுகு வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வலிக்கவில்லை.

ஜூலை 28

காய்கள் முஷ்டி அளவு. வெளுத்துக்கொண்டு வருகின்றன. தூக்கம் சரியில்லை. ரிம்மா பத்தாம் தேதி வருகிறாள், பயணச்சீட்டு வாங்கிவிட்டாள். நான் தினமும் போய்ப் பார்த்து, அவசரம் இல்லை, மெதுவாகவே பழுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று காலை பதினொன்றாம் இருக்கை.

சிவப்பு இல்லை. ரோஜா நிறம். இதய வடிவம். இலையை விலக்கிப் பார்த்தேன், நுனியில் கிளிமூக்கு.

இந்தத் தக்காளியைப் பதினான்கு வருடம் தின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

முதலில், செத்தவை எழுந்து வந்துவிட்டன என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பிறகு பழத்தைப் பறித்துக்கொண்டு வாசல் வழியாகவே ஃபைனா மத்வேயெவ்னாவிடம் போய்க் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“உன் பொண்டாட்டி வெததான். சண்டைக்கு முந்தின வருசம் ஒரு ஸ்பூன் குடுத்தா. நா வருசா வருசம் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து வெச்சிருக்கேன்.”

“ஆறு வருஷமா? ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்ல? அவகிட்டயா?” பூனையைத் தள்ளிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். “அவ குடுத்தப்போ நா நன்றி சொல்லல. பாரு, உசுரோட இருக்கு.”

மிளகாய்க்காக இன்னும் கோபமா என்று கேட்டேன். மிளகாய் செத்தது பெரிசில்லை, செடி என்றால் சாகும் என்றார். அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அவ சிரிச்சா, ஆர்காதி. இத்தன வருசம் பழகிட்டு, எல்லார் முன்னாடியும்.”

தக்காளியை நறுக்கி, உப்புப் போட்டு, இரண்டு பேரும் தின்றோம். பழம் பழுத்துவிட்டதே, இப்போது நன்றி சொல்லலாமா என்று கேட்டேன்.

“எங்கிட்ட சொல்லாத. அவகிட்ட நடந்தத சொல்லு. அது போதும்.”

ஆகஸ்ட் 4

ரிம்மா கூப்பிட்டாள். சொல்ல வாயைத் திறந்தேன். நெல்லிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்களாம், நடக்கிறாளாம். அதையே பேசி வைத்துவிட்டேன்.

கோழை.

ஆகஸ்ட் 7

நேற்றும் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். அதே விதை, அதே பழம். சொல்லாமலே விட்டால்தான் என்ன?

இருபது குச்சி இருக்கிறது, செடி பதினெட்டு. இரண்டு குச்சியைப் பிடுங்கினேன். திரும்ப நட்டேன். வராத பயணியின் இடத்தைக் காலி என்று எழுதுவதுதான் முறை. எழுதாமல் விட்டதே இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

யாரோஸ்லாவ்ல் நிலையத்தில் ரிம்மாவை இறக்கினேன். இளைத்திருக்கிறாள். அங்கிருந்து மின்சார ரயிலில் தோட்டத்துக்கு ஒன்பது நிறுத்தம்.

முதல் நிறுத்தத்தில் வெயில் பற்றிப் பேசினேன். இரண்டாவதில் சுக்கினி. மூன்றாவதில் பெட்டியைச் சரியாகப் பெருக்கவில்லை என்று இந்தக் காலத்து உதவியாளர்களைக் குறை சொன்னேன். நாலாவது நிறுத்தம் தாண்டியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீன், கதவு, கீரை மசியல், வேலி, நீலச் சட்டை, ஆறு வருடம், ஒரு ஸ்பூன் விதை.

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது நிறுத்தம் வந்து போயிற்று.

“எனக்கு ஜூன் பதினாறே தெரியும்,” என்றாள்.

முதல் புகைப்படத்தின் மூலையில் ஒரு தயிர்மோர் அட்டைப்பெட்டி கிடந்ததாம். நம் வீட்டில் அது வாங்குவதே இல்லை, உனக்கு வயிற்றுக்கு ஆகாது என்றாள். பின்னே ஏன் இரண்டு மாதம் என்னை வேகவைத்தாய் என்று கேட்டேன். கதவை மூடிவிட்டுப் போனவன் கொஞ்சம் வேகட்டும் என்றுதானாம். எந்த நிறுத்தத்தில் சொல்வேன் என்று நெல்லியோடு பந்தயம் வேறு கட்டியிருக்கிறாள். நெல்லி ஏழு, இவள் நாலு.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஆனா வேற ஏதோ நாத்துன்னுதான் நெனச்சேன். ஜூலைல எலையப் பாத்ததும்தான் புரிஞ்சுது. அந்த உருளக்கெழங்கு எல என் தக்காளிக்குத்தான் உண்டு. நான் குடுத்த வெதய அவ தூக்கிப் போட்டிருப்பான்னு நெனச்சேன், ஆர்காஷா. நானா இருந்தா தூக்கிப் போட்டிருப்பேன்.”

இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீ அவகிட்ட நன்றி சொன்னியா?”

“சொல்லிட்டேன். அதனாலதான் திருட வேண்டியதாப் போச்சு.”

“ம்,” என்றாள்.

ஆகஸ்ட் 11

காலையில் குடிலுக்குள் போனாள். ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள், குச்சிகளைப் பார்த்தாள், காலியாக இருந்த இரண்டு இருக்கைக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். எட்டாம் எண்ணில் நான் விட்டுவிட்ட ஒரு பக்கத்தளிரைக் கிள்ளி என் கையில் கொடுத்தாள். ஒரு பழத்தைப் பறித்து நின்றபடியே தின்றாள். நல்லா இருக்கு என்று அவள் சொல்லவில்லை, இன்னொன்று பறித்தாள்.

நாளெல்லாம் ராஸ்பெரி பக்கமே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு கொத்துப் பறிப்பாள், நிற்பாள், வருவாள். ஃபைனா மத்வேயெவ்னா அந்தப் பக்கம் ஸ்ட்ராபெரிக் கன்றுகளைப் பிரித்து அட்டைப்பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில்தானே அது நடுவது. இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வைத்தார்.

சாயங்காலம், அந்த நீலச் சட்டையை எங்கே வைத்திருக்கிறாய் என்று ரிம்மா கேட்டாள். கிழிசல் தைக்கப் போகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் தேநீர் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். ஆளைக் காணோம். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ராஸ்பெரிப் புதருக்கு அடியில் இரண்டு பாதம் தெரிந்தது. ரிம்மாவுடைய செருப்பு. பாதம் கொஞ்சம் உதைத்தது, நின்றது, மறுபடி உதைத்தது, அப்புறம் உள்ளே போய்விட்டது.

அந்தப் பக்கம் ஃபைனா மத்வேயெவ்னா முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“எடது பக்கம் இருக்கறதுதான் நல்லா வேர் விட்டிருக்கு,” என்று சுவரிடம் சொன்னார். “படிச்சவங்க வெறும் எலையப் பாத்து எடுப்பாங்க.”

பெட்டி தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு தடவை போய் வந்தாள். எட்டுக் கன்று. முழங்கால் எல்லாம் மண், தலையில் ராஸ்பெரி இலை, சட்டையின் இடக்கையும் இப்போது கிழிந்துவிட்டது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள்.

“என்ன பாக்கற? தண்ணி கொண்டா.”

நன்றி சொன்னாயா என்று கேட்டேன்.

“திருட வந்தவ எதுக்கு நன்றி சொல்லணும்?” என்றாள். கன்றை நடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் புரோகோர் இலியிச் வந்தார், கையில் கம்பிச்சுருளோடு. நீலச் சட்டைக்காரன் மறுபடி வந்திருக்கிறான், இந்தத் தடவை ஆள் இளைத்திருக்கிறான், கண்ணால் பார்த்தேன் என்றார். இந்த ஓட்டையை இன்னும் ஏன் அடைக்கவில்லை என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரிம்மா, அது காற்றோட்டத்துக்காக விட்டிருப்பது, அடைத்தால் இரண்டு தோட்டத்துக்கும் கருகல் வரும் என்று சொல்லி, ஏதோ இரண்டு மூன்று வேதிப்பொருளின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். தலைவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ஃபைனா சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. ரிம்மா என்னைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

இரண்டு பேரும் இன்னும் நிறுத்தவில்லை. மணி எட்டு ஆகிறது. நான் போய்க் குடிலின் கதவுகளைச் சாத்த வேண்டும்.